முந்நூறு பாயிண்ட்

சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அந்தப் பெண் இன்னும் டி.வி. முன்னால் குதித்துக்கொண்டிருந்தாள்.

கையில் ரிமோட் மாதிரி ஒரு குச்சி. அவள் கையை வீசினால் திரையில் ஒரு பொம்மை டென்னிஸ் மட்டையை வீசியது. அவள் குனிந்தால் அதுவும் குனிந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், லேபிள் மேஜையில், அவள் பங்குக்கு வந்த மருந்துப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. மூன்று மணிக்கு லாரி வந்து நிற்கும். யார் ஒட்டுவது? பக்கத்து மேஜைக்காரிதான். பதினெட்டு வருஷமாக அங்கேயே நின்று ஒட்டுகிறவள். கிடங்கு முழுக்க அவளுக்கு 'லேபிள் அக்கா' என்றுதான் பெயர்.

இந்த மாதம்தான் தொழிலாளர் உடம்பின் மேல் நிர்வாகத்துக்குத் திடீர் அக்கறை வந்தது. சாப்பாட்டு அறையில் பெரிய டி.வி.யை மாட்டினார்கள். அவரவர் நம்பரை அழுத்தினால் அவரவர் பொம்மை வரும். டென்னிஸ், பாக்ஸிங், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங், எதை வேண்டுமானாலும் ஆடலாம். மாதம் முடிவதற்குள் முந்நூறு பாயிண்ட் எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் உடல் தகுதி இல்லாதவர்கள், வீட்டுக்குப் போகலாம்.

லேபிள் அக்காவுக்கு வலது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. முதல் நாள் குச்சியைப் பிடித்து ஒரு வீசு வீசினாள். பொம்மை நின்றது, இவள் விழுந்தாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு லேபிள் மேஜையிலேயே. அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

தன் பாயிண்ட் என்ன என்று போய்ப் பார்க்கவும் இல்லை. பூஜ்யத்தை எதற்குப் போய்ப் பார்ப்பது?

வேலை போனால் வீடு படுத்துவிடும். மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதில்லை. இதையே நினைத்து நினைத்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில், கண்ணெதிரே ஒருத்தி தினமும் பந்து மாதிரி துள்ளினால் எப்படி இருக்கும்? வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. 'ரப்பர் பந்து' என்றே அவளுக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

ஒருநாள் அக்கா கேட்டே விட்டாள்.

"உனக்குத்தான் பாதி மாசத்துலயே முந்நூறு தாண்டிடுச்சே. இன்னும் என்னடி ஆட்டம்?"

"பழகிடுச்சுக்கா."

வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத்தான் வருவார். மத்தியான ஆட்டம் அவருக்குத் தெரியாது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தே சொன்னாள். மனசுக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது. பிரச்னை பெரிதானால் அந்த டி.வி.யையே கழற்றிவிட மாட்டார்களா?

டி.வி.யைக் கழற்றவில்லை. பெண்ணை அனுப்பிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்றார் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் ஏன் ஆடினாய் என்று கேட்டதற்கு, பொழுது போகவில்லை என்றாளாம். திமிரைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்க, அக்கா பலமாகத் தலையாட்டினாள்.

சாயங்காலம் அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எதையாவது எடுத்துப் போகிறாளா என்று பையைச் சோதித்த சூப்பர்வைசர் அங்கேயே நின்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமையோட மாசம் முடியுது. அதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம் ஆடிடுங்க. பௌலிங்னா உக்காந்துக்கிட்டே ஆடலாம்."

"போறப்பவும் நக்கலா? முந்நூறையும் ஒரே ஆட்டத்துல எடுக்கச் சொல்றியா? போடி."

அவள் வாயைத் திறந்தாள். மறுபடி சூப்பர்வைசரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

திங்கட்கிழமை அக்கா மேஜையை விட்டு அசையவில்லை. இரண்டு பேர் பெட்டிகளையும் ஒற்றை ஆளாக ஒட்டித் தள்ளினாள். இந்தக் கைவேலையைப் பார்த்தாவது விட்டுவைக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டியல் ஒட்டினார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் பதினோரு பேர். கடைசியிலிருந்துதான் தேடினாள். பூஜ்யம் எடுத்தவர்களில் இல்லை. அம்பது, அறுபதிலும் இல்லை. விரல் மேலே மேலே போய், முதல் பெயரில் நின்றது. அது அவள் பெயர்.

எதிரே இருந்த எண்ணை அவள் இரண்டு தடவை படித்தாள். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"இருநூத்தித் தொண்ணூறு எடுத்திருக்கீங்க. உங்க நம்பர்ல பதிவு பார்த்தேன். அந்த முட்டிய வச்சுக்கிட்டு தினமும் மத்தியானம் விடாம ஆடியிருக்கீங்க. வெள்ளிக்கிழமையோட ஏம்மா நிறுத்தினீங்க?"