தோல் வியாபாரம்

“மண்டையோட்டையெல்லாம் அள்ளி அரிசி டிரம்முல போடுடா! கார் திருத்துறைப்பூண்டி தாண்டிருச்சாம்.”

மெஹராஜ் பேகம் சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தாள். மேசைமேல் மண்டையோடுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பூசணிக்காய்கள், சிலந்திகள், ஒரு கூட்டம் வௌவால்கள். எல்லாம் கட்டைவிரல் அளவு. எல்லாம் ரெக்ஸின்.

“ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா. பசை இன்னும் காயல,” என்றான் மகன் ஃபாஜில்.

“ஒட்டட்டும். மொதல்ல உன் கல்யாணம் ஒட்டுதான்னு பாப்போம்.”

ஃபாஜில் ஷார்ஜாவில் விளம்பரப் பலகைக் கடையில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தவன். அந்தக் கடையை மூடியதும் முத்துப்பேட்டைக்கே திரும்பி, வீட்டில் ஒரு கட்டிங் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு தோடு செய்ய ஆரம்பித்துவிட்டான். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மெஷின் ரெக்ஸினை அப்படியே வெட்டித் தரும். இவன் ஒட்ட வேண்டியதை ஒட்டி, துளை போட்டு, கொக்கி மாட்டி, இன்ஸ்டாகிராமில் விற்று, தன் விலாசம் எழுதிய பார்சலில் அனுப்புவான்.

அக்டோபர் வந்தால் ஹாலோவீன். பேய்க்கென்று ஒரு நாள் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இத்தனை பேர் இருப்பார்கள் என்று மெஹராஜ் பேகம் நினைத்ததே இல்லை.

வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. கல்யாணம்தான் நடக்கவில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள், “மாப்பிள்ளை தோடு செய்யுறாரா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் மேசையைப் பார்த்துவிட்டு உட்காரவே இல்லை.

கணவர் மௌத்தான பிறகு இந்தப் பேச்செல்லாம் அவள் தலையில்தான். அதனால் இந்த முறை முன்னெச்சரிக்கையாக இருந்தாள். நன்னிலத்திலிருந்து ரஹ்மத் பீவி என்ற அம்மாள் தன் மகளுக்காகப் போனில் பேசியபோது, “பையன் தோல் வியாபாரம்” என்று சொல்லிவிட்டாள். ரெக்ஸினும் ஒரு வகையில் தோல்தானே. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கலகலப்பான மனுஷி என்று நினைத்துக்கொண்டாள்.

தரகர் இல்லாமல் தானாகத் தேடி வந்த சம்பந்தம். “எங்களை எப்படித் தெரியும்?” என்று கேட்டதற்கு, “எங்க பொண்ணு ரிஃப்காதான் விலாசம் குடுத்தா. பின்கோடு வரைக்கும் சொல்லிட்டா,” என்றாள் ரஹ்மத் பீவி. படித்த பெண், யாரிடமாவது விசாரித்திருப்பாள்.

கார் வந்து நின்றது. ரஹ்மத் பீவியும் அவளுடைய அண்ணன் அப்துல் ரஹ்மானும் ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து சோபாவில் அமர்ந்தார்கள். கட்டிங் மெஷின்மேல் போர்வை போர்த்தியாகிவிட்டது. ஆனால் பாதி வெட்டில் நிறுத்தினால் ஷீட் வீணாகும் என்று ஃபாஜில் அதை நிறுத்தவில்லை. போர்வைக்குள் கிர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

“என்னங்க சத்தம்?” என்றார் அப்துல் ரஹ்மான்.

“தண்ணி மோட்டாரு.”

தண்ணீர் மோட்டார் எதற்குக் கூடத்தில் போர்வைக்குள் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

ரஹ்மத் பீவி வீட்டை ஆவலாகச் சுற்றிப் பார்த்தாள். “தம்பி வேலையெல்லாம் எங்க வச்சுப் பாக்குறாரு?”

“ஆம்பூர்லங்க. இங்க ஒண்ணும் கிடையாது.”

ஃபாஜில் ஆம்பூரைப் பார்த்ததே இல்லை. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ரஹ்மத் பீவி கையைத் தூக்கினாள். அள்ளும்போது சோபாவில் தவறி விழுந்த ஒரு வௌவால், புர்காவின் முழங்கைப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மெல்லப் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “இது...?”

மெஹராஜ் பேகம் முந்திக்கொண்டாள். “பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்டுட்டுப் போயிருக்கும். இவன் இந்த மாதிரி பொம்பளைச் சமாச்சாரமெல்லாம் கையாலயும் தொட மாட்டான்.”

“தம்பி, நீங்க சொல்லுங்க. இது நீங்க செஞ்சது இல்லையா?”

ஃபாஜில் வௌவாலைப் பார்த்தான். அந்த இறக்கையின் வளைவு சரியாக வரும் வரை அவன் எவ்வளவு ரெக்ஸினைப் பாழாக்கினான் என்பது மெஹராஜ் பேகத்துக்குத் தெரியும். கடைசியில் வளைவு வந்த அன்று, அடுப்படிக்கு ஓடிவந்து அவளிடம்தான் முதலில் காட்டினான். இப்போது அவன் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றாள்.

“இல்லைங்க,” என்றான்.

மெஹராஜ் பேகத்துக்கு மூச்சு வந்தது. “இருங்க, டீ கொண்டாரேன்,” என்று எழுந்தாள்.

ரஹ்மத் பீவியும் எழுந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வௌவாலை, இறக்கை மடங்காமல், மேசைமேல் வைத்தாள்.

“டீ வேணாங்க. உங்களுக்குத்தான் வீண் சிரமம் குடுத்துட்டோம்.” பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். “இவரு வேற ஃபாஜில் போலண்ணே. நம்ம ரிஃப்கா கட்டிக்கிறேன்னு சொன்னது, இந்த வவ்வாலைச் செஞ்ச பிள்ளைய.”