லாரி வரும் திசை

"வாட்ஸ் கணக்க நீயே வச்சுக்க தம்பி. என் வீட்டுக்காரி தலை திரும்புதான்னு மட்டும் பாரு," என்றார் மாசானமுத்து. ஸ்பீக்கர் கடைக்காரன் பேச்சை அவர் நம்புவதாக இல்லை.

கண் போனதிலிருந்து அவர் மனைவி பூரணம் படம் பார்ப்பதை விட்டுவிட்டாள். வீட்டுப் பழைய செட்டில் எல்லாச் சத்தமும் ஒரே மூலையிலிருந்துதான் வந்தது. இங்கே அவளைச் சுற்றி ஸ்பீக்கர்கள்.

இடப்பக்கமிருந்து லாரி பாய்ந்து வரும் ஒரே சினிமாக் காட்சியை, ஒலியைப் பிரித்துத் தரும் ரிசீவரை மாற்றி மாற்றிப் போட்டான் கடைக்காரன். இரண்டு செட்டுக்கு அவள் முகம் அசையவில்லை.

"வெறும் டப்பா. அடுத்ததப் போடு," என்றார் மாசானமுத்து.

மூன்றாவதில் பூரணத்தின் முகம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. சட்டென்று கையை நீட்டி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "நடுரோட்டுல என்ன நிக்கீங்க? ஓரமா வாங்க!"

மாசானமுத்து ஓரமாக வந்தார். கடைக்காரனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.