முப்பத்தேழாம் அதிகாரம்

"டேய், முப்பத்தேழு நாளா ஒரு வரிகூடப் படிக்காம, படிச்சேன் படிச்சேன்னு எங்கிட்டயே பொய் சொல்றியா?"

போனில் அக்கா போட்ட சத்தத்தில், பிளம்பருக்குத் தேநீர் கொண்டுவந்த அவர் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சத்தியமா படிச்சேன்க்கா!"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு பைபிள்லயே இருக்கு. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

"அந்த இடத்துக்கு நான் இன்னும் வரலைக்கா! இன்னைக்குக் காலையிலகூட, கூடப் பிறந்தவங்களே தம்பியைக் குழியில தள்ளினதைப் படிச்சுட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"உன்னை மாதிரி புளுகற தம்பியா இருந்தா தள்ளத்தான் செய்வாங்க!" போன் பட்டென்று வைக்கப்பட்டது.

பிளம்பர் திருதிருவென்று விழித்தார். எல்லாம் அக்கா போட்ட சட்டம்தான். தினமும் விடியற்காலையில் பைபிளில் ஓர் அதிகாரம் உரக்கப் படித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். முதல் வாரம் அவருக்கு அது கசப்பு மருந்து குடிப்பது போலத்தான் இருந்தது. வேலை வண்டிக்குள் உட்கார்ந்து, பெரிய எழுத்துப் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்துக் கூட்டி ஒப்பேற்றினார்.

பெருவெள்ளம் வந்த இடத்தில்தான் ஆள் மாட்டிக்கொண்டார். பேழை என்ற கப்பலுக்கு உள்ளேயும் வெளியேயும் தார் மாதிரிக் கீல் பூசச் சொன்னதைப் படித்ததும், "அப்பாடா, ஒழுகாது!" என்று பதிவிலேயே சொல்லிவிட்டார். மண் போட்டு மூடிய கிணறுகளை மறுபடி தோண்டிய அதிகாரத்தை ஒரே நாளில் மூன்று தடவை படித்தார். இப்போதெல்லாம் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து, "இன்னைக்கு என்ன ஆகுமோ" என்று செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடுகிறார். அந்த மனுஷனைப் பார்த்தா இந்தக் கேள்வி?

மகள் போனை வாங்கினாள். "எதுலப்பா அனுப்பினீங்க?"

"நீதானேம்மா சொன்ன, மேல முதல்ல இருக்கிறது நம்ம குரூப்னு. இந்தப் பொடி எழுத்தெல்லாம் எனக்கு எங்கே தெரியுது? முதல்ல இருக்கிறதைத் தொட்டு, மைக்கை அழுத்திப் படிப்பேன். நடுவுல விரல் வழுக்கும். ஒரு அதிகாரம் நாலு துண்டாப் போகும். அவ்வளவுதான்."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் சொன்ன அன்னைக்கு அது முதல்ல இருந்துச்சு. கடைசியா எந்த குரூப்ல பேசறாங்களோ அதுதான்பா மேல வரும். விடியறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிக்கிறது உங்க ஆளுங்கதான். முப்பத்தேழு அதிகாரமும் பிளம்பருங்க குரூப்புக்குப் போயிருக்கு!"

அந்த குரூப்பை நடத்துவது குழாய்க்கடை வைத்திருக்கும் 'ஸ்பேனர்' அண்ணன். யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். அதில் ஒரே ஒரு விதி: வேலைப் பேச்சு மட்டும். ஒருவர் ஆசையாக ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அடுத்த நிமிடமே நீக்கப்பட்டு, மூன்று மாதம் வேலைக்கு நாயாய் அலைந்தார்.

"என்னை ஏதாவது திட்டியிருக்காங்களாம்மா?"

"ஒண்ணும் சொல்லலைப்பா. ஆனா போன வாரம் ரெண்டு பேரை நீக்கியிருக்காங்க."

"ஆரம்பிச்சுட்டாரா!"

மறுநாளிலிருந்து பதிவு சரியான குரூப்புக்குப் போனது. "நாங்க ஒண்ணும் கேக்கலை, முதல்ல இருந்து வா" என்றாள் அக்கா. அவர் முகம் சுளிக்கவே இல்லை. முதல் தடவை கண்ணில் படாததெல்லாம் இப்போது பட, ரசித்து ரசித்துப் படித்தார்.

நான்காம் நாள் ஸ்பேனர் அண்ணன் கூப்பிட்டார். "கடைக்கு வா. நேர்ல பேசணும்."

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், குழாய்க் கட்டுகளின் மேல் பதினைந்து பிளம்பர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சந்தேகமே இல்லை, பஞ்சாயத்துதான்.

"குரூப்போட விதி என்ன?" என்றார் ஸ்பேனர் அண்ணன்.

"வேலைப் பேச்சு மட்டும்ணே."

"நீ என்ன பண்ணின?"

"தெரியாம நடந்துடுச்சுண்ணே. வீட்டு குரூப்னு நினைச்சு அனுப்பிட்டேன்." எச்சிலை விழுங்கினார். "ஆனா ஒண்ணுண்ணே. நீக்கறதுன்னா நீக்கிடுங்க. படிக்கிறதை மட்டும் விடச் சொல்லாதீங்க. அது இல்லாம எனக்கு இப்பப் பொழுதே விடியறதில்லை."

நாளையிலிருந்து வேலைக்கு யார் வாசலில் போய் நிற்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஸ்பேனர் அண்ணன் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "விடச் சொன்னது யாருய்யா? தம்பியைக் குழியில தள்ளி, தூக்கி வித்துட்டு, பெத்தவரைக் கதறி அழ விட்டுட்டு, நாலு நாளா நீ எங்கே போய்த் தொலைஞ்ச? இங்கே ஒருத்தனுக்கும் வேலை ஓடலை. உக்காரு, அந்தப் பையன் என்ன ஆனான்னு படி!"

பிளம்பர் தட்டுத்தடுமாறி உட்கார்ந்தார். "அப்ப... அந்த ரெண்டு பேரை ஏண்ணே நீக்கினீங்க?"

"பின்னே? நீ உருக்கமாப் படிச்சுக்கிட்டிருக்கே, ரெண்டு துண்டுக்கு நடுவுல புகுந்து 'அரை இஞ்ச் எல்போ இருக்கா'ன்னு கேக்கறானுங்க!"