வாத்து தூங்கிய வரி

விழுந்து கிடந்த மரம் ஒன்றில் மரங்கொத்தி வாத்தியார் ஒரு சிறுகதையைக் கொத்தி வைத்து, அணிலையும் ஆமையையும் வாசிக்கச் சொன்னார். கதை அவர் எழுதியதுதான்; பெயரை மட்டும் போடவில்லை. வெள்ளத்தில் குஞ்சைத் தொலைத்த ஒரு வாத்தின் கதை.

அணில் ஒரே ஓட்டமாக மரத்தின் மேல் ஓடி முடித்து, "அருமைங்க ஐயா" என்றது. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது.

ஆமை மதியம் வரை வரிவரியாகப் படித்தது. "வாத்து அழுத இடத்துல எனக்கும் அழுகை வந்துச்சுங்க ஐயா. ஆனா குஞ்சு கிடைக்கிறதுக்கு முன்னாடியே அது எப்படித் தூங்கும்?"

"தேடித் தேடிக் களைச்சிருக்கும்."

"களைச்சது வாத்துங்களா, எழுதினவருங்களா?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவர், அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தார். பொழுது சாய்கிறதே என்று அவசரத்தில் கொத்திய வரி. நேரே போய் அதைச் செதுக்கி எடுத்தார்.

ஆமை பதறியது. "எழுதினவர் கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"கோவிச்சுக்கிட்டார்" என்றார் வாத்தியார், அலகில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்தபடி. "இப்போ சமாதானமாயிட்டார். வா, வேற எங்கெல்லாம் அவசரப்பட்டிருக்கார்னு பார்ப்போம்."