காம்பு வைத்த குண்டு

நாலாவது குண்டும் வட்டத்துக்குள்தான் விழுந்திருந்தது.

அவள் துப்பாக்கியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நாற்பது தப்படி நடந்தாள். சவுக்கு மரத்தில் கட்டியிருந்த சிமெண்டுச் சாக்கில் கரியால் ஒரு வட்டம். தோசைக்கல் அகலம். நாலு ஓட்டைகளையும் அவளுடைய உள்ளங்கை ஒன்றே மூடியது.

வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது.

இனிமேல் சுடப்போகும் இரண்டில்தான் பயம்.

பதினாறு வருடமாக அந்த வீட்டில் சன்னாசி சுடுவார், அவர் மனைவியான அவள் குண்டு வார்ப்பாள். வாழையைத் தோண்டும் பன்றிக்காக. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி ஆறவிட்டால் கோலிக்குண்டு மாதிரி விழும். ஊற்றின இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு காம்பு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தோட்டாவுக்குள் வைக்கவேண்டும். சன்னாசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. புருஷனுக்குச் சோறு கட்டுவதுபோல அவள் அதையும் கட்டிக் கொடுத்தாள்.

ஒரே ஒரு காலையில் துப்பாக்கி அவருடைய தம்பியின் கையில் இருந்தது.

பன்றி ஆரஞ்சு மரத்தடியில் நின்றது. அதற்குப் பத்தடி இடப்பக்கம் சன்னாசி நின்றார். தம்பி குருவப்பன் நாற்பது தப்படி தள்ளி நின்று சுட்டான்.

பன்றி ஓடிவிட்டது.

மதினி காம்பைத் தேய்க்காமல் விட்டதால்தான் குண்டு பிசகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான் குருவப்பன். போலீஸ் எழுதிக்கொண்டது. ஊர் நம்பியது. ஊருக்கென்ன, நம்புவதற்குக் காசா பணமா? ஆம்பளை வேலையில் பொம்பளை கை வைத்தால் இப்படித்தான் என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள், அவள் காதில் விழும்படி.

அவளும் நம்பினாள். அதுதான் கொடுமை.

முந்தின நாள் மகளுக்குக் காய்ச்சல். அரத்தைக் கீழே வைப்பதும் கஞ்சியைக் கிண்டுவதுமாக இருந்தாள். எல்லாக் காம்பையும் தேய்த்தோமா? ஒன்றை விட்டுவிட்டோமா? தன் கைதான் அவரைக் கொன்றது என்று நினைத்தாள். பதினோரு மாதம் அதே கையால்தான் சாப்பிட்டாள்.

துப்பாக்கி நேற்றுத்தான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தது. ராத்திரிக்குள் ஏழு தோட்டா கட்டினாள். ஐந்தில் காம்பைத் தேய்த்தாள். இரண்டில் வேண்டுமென்றே விட்டாள்.

கல்லுக்குத் திரும்பி, அந்த இரண்டில் ஒன்றைத் துப்பாக்கியில் போட்டாள். குலசாமியைக் கும்பிட நினைத்தாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சுட்டாள்.

இன்னொன்றையும் சுட்டாள்.

இந்த முறை நாற்பது தப்படி நடக்க வெகுநேரம் ஆனது.

ஒன்று வட்டத்துக்கு வெளியே நாலு விரல் தள்ளி. இன்னொன்று ஒரு சாண் மேலே.

காம்பு இருந்தால் குண்டு பிசகத்தான் செய்கிறது.

ஒரு சாண்.

பத்தடி இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லை, நான் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதற்கு வெட்கப்பட்டாள். அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது.

காலருகே கறுப்பு ஹோஸ் ஓடியது. உள்ளே தண்ணீர் போகும் சத்தம். மேல்காட்டு ஊற்று. என் உயிர் இருக்கிறவரை ஒரு சொட்டு அவனுக்கு விடமாட்டேன் என்று சன்னாசி மறித்து நின்ற தண்ணீர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே குருவப்பன் தன் தோட்டத்துக்கு ஹோஸைப் போட்டுக்கொண்டான். குண்டு கட்டிய குற்றத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை.

சாக்கை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துப்பாக்கி இருந்த கல்லுக்குத் திரும்பினாள்.

கீழே காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் வெடிச்சத்தத்துக்குக் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி குருவப்பன் மூச்சு வாங்க ஏறி வந்தான்.

“என்ன மதினி, காலங்காத்தால டமார் டமார்னு?”

“குண்டு பிசகுதான்னு பாத்தேன் தம்பி.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“பிசகுதா?”

“பிசகுது. நீங்க சொன்னது நெசந்தான். எங்க போயி விழுகும்னே சொல்ல முடியல.”

பறிக்கிற பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒருத்தி உச்சுக் கொட்டினாள்.

அவன் முகம் தெளிந்தது. பாவம் பார்க்கிறவன் குரல் வந்தது.

“விடுங்க மதினி. நீங்க என்ன, வேணும்னா செஞ்சீங்க?”

அவள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்குப் பன்னி விரட்ட நானும் வாரேன் தம்பி.”

“இந்தக் குண்ட வச்சுக்கிட்டா?” என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

மடியில் ஏழாவது தோட்டா கனத்தது. அதன் காம்பை நேற்றே நன்றாகத் தேய்த்து வைத்திருந்தாள்.