போர்மேனின் இங்கிலீஷ் திட்டு

“நீயெல்லாம் ஒரு இன்டிஃபாட்டிகபிள்!”

போர்மேன் முத்துக்கருப்பன் போட்ட சத்தத்தில் பேக்கிங் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. திட்டு வாங்கிய மாரிச்செல்வி மட்டும் சிரித்துவிட்டு, பட்டாசுப் பெட்டிகளுக்கு இன்னும் வேகமாக லேபிள் ஒட்ட ஆரம்பித்தாள்.

முத்துக்கருப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வார்த்தைக்கு ‘உடம்பு வணங்காத சோம்பேறி’ என்று அர்த்தம். ஜெபராணி டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

முத்துக்கருப்பனின் வாயைப் பற்றித் தெரியாத கம்பெனி சிவகாசியில் கிடையாது. போன சீசனில் அவர் திட்டுத் தாங்காமல் ஒரு வேன் நிறையப் பெண்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தீபாவளி நேரத்தில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளி கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

“தீபாவளி வரைக்கும் பாப்பேன். உம்ம வாய் அடங்கலைன்னா வேற போர்மேன்தான்வே.”

வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும் அவரால் வாயை மூட முடியவில்லை. திட்டாமல் இருந்த ரெண்டு நாளும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் இங்கிலீஷில் திட்டினால் என்ன என்று தோன்றியது.

ஜெபராணி அடுத்த தெரு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவரிடம் போய் நின்றார். சாதாரண இங்கிலீஷ் வேண்டாம், அது இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. படித்தவர்களே வாயில் எடுக்காத பெரிய பெரிய வார்த்தையாக வேண்டும், கேட்டால் ஒருத்திக்கும் விளங்கக் கூடாது, ஆனால் அர்த்தம் சுருக்கென்று இருக்க வேண்டும் என்றார். டீச்சரும் சரி என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டீச்சர் குரலில் ஒரு வார்த்தையும் அதன் அர்த்தமும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பட்டாசுக் கம்பெனி என்பதால் கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே வார்த்தையை மறந்துவிடாமல் இருக்க, பைக்கில் போகும்போதே மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போவார் முத்துக்கருப்பன்.

திட்டுவதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. வாங்கியவர்கள்தான் சரியில்லை.

‘களிமண் மண்டை’ என்று நினைத்து வீரலட்சுமியை “பெர்ஸ்பிகேஷியஸ்” என்றார். மறுநாள் அவள் சாத்தூர் சேவு வாங்கி வந்து, எடுத்துக்கச் சொல்லி நீட்டினாள். இன்னொருத்தியை “அசிடுவஸ்” என்று கத்தினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அழகுமீனா ஒருநாள் வழியை மறித்துக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் ஏண்ணே ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீக?”

திட்டு கேட்டு வாங்குகிற பெண்களை அவர் எங்கே கண்டிருக்கிறார்? தலை சுற்றியது. இந்த வார்த்தைகளில் உறைப்புப் போதவில்லை என்று டீச்சரிடம் புலம்பினார். டீச்சர் யோசித்து “மேக்னானிமஸ்” என்று ஒன்று கொடுத்தார். ‘ஈவு இரக்கம் இல்லாத கல்நெஞ்சுக்காரி’ என்று அர்த்தமாம். அதை ஷெட் மொத்தத்துக்கும் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். கை தட்டினார்கள்.

இவர் குழம்பிக்கொண்டிருக்க, லோடு எல்லாம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஏறியது. தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“நேத்து பேக்கிங் ஷெட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் உம்மப் பத்திப் பேசணும்னு வந்தாக.”

புகார்தான் என்று முத்துக்கருப்பன் முடிவுகட்டிக்கொண்டார்.

“நானும் வேற ஆள் பாத்துத்தான் வச்சிருந்தேன். அது எப்பிடியோ அவுக காதுக்குப் போயிருக்கு. உம்ம மாத்தவே கூடாதுங்காக. களைக்காம உழைக்கிறவ, கூரான புத்திக்காரி, கருத்தா வேலை பாக்குறவ, பெருந்தன்மையானவகன்னு தெனமும் இங்கிலீசுல பாராட்டுறீராமே? ஆளே மாறிட்டீருவே. சரி, நீரே இரும்.”

முத்துக்கருப்பன் விறுவிறுவென்று வெளியே வந்தார். கேட்டில் போனை வாங்கி டீச்சரைக் கூப்பிட்டார்.

“நான் திட்டுறதுக்குக் கேட்டா, பாராட்டுற வார்த்தையாக் குடுத்திருக்கீகளே டீச்சர்?”

“ஆமாண்ணே” என்றார் டீச்சர் நிதானமாக. “திட்டித் திருத்த முடியும்னா இத்தனை வருசத்துல நான் ஒரு வகுப்பையாவது திருத்தியிருப்பேன்.”

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். தன்னை நல்ல மனுஷன் என்று நம்பி இந்தப் பெண்கள் முதலாளி வரைக்கும் போய் நின்றிருக்கிறார்களே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெண்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் வேன் புறப்படத் தயாராக நின்றது. ஓடிப்போய் மாரிச்செல்வியை நிறுத்தினார்.

“ஏத்தா, ஒரு விசயம். நான் உங்களப் பாராட்டணும்னு அதெல்லாம் சொல்லலத்தா. எனக்கு அதோட அர்த்தம்…”

“தெரியும்ண்ணே” என்றாள் அவள். “நீங்க கத்துன கத்துக்கு அதப் பாராட்டுன்னு எவ நம்புவா? காலேசுல படிக்கிற எம் மக அர்த்தம் சொன்ன அன்னைக்கே, யாரோ உங்கள நல்லா ஏமாத்துறாகன்னு வேன்ல ஒரே சிரிப்பு.”

“பெறகு ஏன் மொதலாளிகிட்டப் போயி அப்பிடிச் சொன்னீக?”

“இந்த வயசுல வேலை போனா நீங்க எங்கண்ணே போவீக?” வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு மாரிச்செல்வி சொன்னாள். “மாத்தாதீகன்னு கேக்கணும்னா உங்களப் பத்தி நல்லதா ஒண்ணாச்சும் சொல்லணும்ல. எல்லாருமா உக்காந்து யோசிச்சுப் பாத்தோம். இது ஒண்ணுதான் கெடச்சுது.”