மில் குடும்பம்

மகள் ப்ரியம்வதா தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன இளமாறன், அன்றுதான் முதல்முறையாக அமெரிக்காவில் அவர்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டுக்கு வந்திருந்தான். பையன் என்ன குடும்பம் என்று தெரியாமல் மகாதேவனுக்குக் காபி இறங்கவில்லை.

"ஊர்ல உங்க ஃபேமிலி என்ன பண்ணிண்டிருந்தா?"

"ரைஸ் மில், அங்கிள். மூணு தலைமுறையா மில்லுலயேதான்."

மகாதேவனின் முகம் மலர்ந்தது. "ஷ்யாமளா, கேட்டியா? மில் ஃபேமிலி!" என்று கிச்சனைப் பார்த்து மனைவியிடம் சொன்னார். "வீடு எங்க?"

"மில் காம்பவுண்டுக்குள்ளதான். நான் பொறந்ததே அங்கதான்."

"இப்ப மில்லை யார் பாத்துக்கறா?"

"எனக்கு ஒன்பது வயசுல கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து போலீஸோட வந்தாங்க. ஒரு மணி நேரத்துல மொத்தக் குடும்பமும் வெளிய வந்துட்டோம்."

"அடப்பாவமே! கவர்ன்மென்ட் புடுங்கிடுத்தா? கேஸ் போடலையா?"

"போட்டோம். ஓனர் ஜெயிலுக்குப் போனார்."

"ஓனரா? அப்ப நீங்க?"

"கொத்தடிமைங்க, அங்கிள். போலீஸ் வந்ததே எங்களை மீட்கத்தான். அன்னிக்குத்தான் நான் முதல்தடவையா கேட்டுக்கு வெளிய கால் வெச்சேன்."

கிச்சனில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மகாதேவன் மகளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே சொல்லிட்டான்ப்பா" என்ற ப்ரியம்வதா, எழுந்து வந்து இளமாறன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இளமாறன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதை நான் எந்த வீட்லயும் மறைக்க மாட்டேன், அங்கிள். அடுத்த கேள்வி கேளுங்க."